அண்ணன் என்றொரு சோதனை

எங்கள் அலுவலகத்தில் அவளைக் கறார் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டீ வேண்டுமா என்று கேட்டால் நாங்களெல்லாம் 'இருந்தா குடிக்கலாம்' என்று இழுப்போம். அக்கா விடமாட்டாள். "வேணுமா, வேண்டாமா, இல்ல இன்னும் தெரியலையா? மூணுல ஒண்ணு சொல்லு. இருந்தா குடிக்கலாம்னா நான் அதை எந்தப் பெட்டியில போடறது?" என்பாள். ஒரு காலத்தில் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட ஒருவர் 'வீட்டுல கேட்டுட்டு வர்றேன்' என்று போனாராம். "அந்த மனுஷன் இன்னும் மூணாவது பெட்டியிலதான் உக்காந்திருக்கார்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அவள்மேல் இல்லை. யார்மேல் என்று போகப்போகத் தெரியும். நடுநிலையாகச் சொல்வேன் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிற சின்ன நிறுவனம். இரண்டாவது மாடி. கீழே டயர் கடை. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாசனை, மூடினால் புழுக்கம். அக்கா புரோகிராம் எழுதுவாள். அவளும் மற்றவர்களும் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. அதனால் அலுவலகத்தில் எனக்குச் சிநேகிதம் கம்மி. அக்கா மட்டும், "வா வா, என்ன உடைஞ்சிருக்கு, சீக்கிரம் சொல்லு" என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள். தன் தப்பைச் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிற ஆளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஊரில் இருந்த கண் மருத்துவமனை பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தது. அவர்களுடைய பழைய டேட்டாபேஸில் எல்லாமே எழுத்துதான். வயது எழுத்து, தேதி எழுத்து, ஆமா இல்லையா என்பதும் எழுத்து. மனிதனுக்கு அதில் சிக்கல் இல்லை. படித்தால் புரிந்துவிடும். கம்ப்யூட்டருக்கு அப்படியில்லை. எழுத்தாக இருக்கும் 40-ஐயும் 2-ஐயும் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 402 என்று நீட்டும். இது எண், இது தேதி, இது ஆம்-இல்லை என்று ஒவ்வொன்றையும் அதனதன் உண்மையான வகைக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அதற்கு மூளை வேலை செய்யும். அந்த மாற்றித்தரும் பகுதியைத்தான் அக்கா எழுதினாள்.

எழுதினாள் என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினாள். மருத்துவமனையில் ஆளுக்கு ஒரு விதமாகத் தட்டி வைத்திருந்தார்கள். ஒருவர் 'ஆம்' என்று போட்டிருந்தார், ஒருவர் 'ஆமா', இன்னொருவர் வெறும் 'ஆ'. எல்லாவற்றையும் அக்காவின் மாற்றி புரிந்துகொள்ளும். புரியாதது வந்தால் ஊகிக்காது. நின்றுவிடும். 'இந்த வரி எனக்கு விளங்கவில்லை, ஒரு மனிதர் வந்து பார்க்கவும்' என்று கேட்கும். முதலாளிக்கு அது பிடிக்கவே இல்லை. "என்னம்மா இது, நிமிஷத்துக்கு ஒரு தரம் நொண்டிக் குதிரை மாதிரி நின்னுடுது" என்பார். "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கு மெஷின் எதுக்கு சார், நாமளே போதுமே" என்று அக்கா சொன்னபோது அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த மாற்றி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அக்கா சோதனைகள் எழுதி வைத்திருந்தாள். புரோகிராமில் எவர் கை வைத்தாலும் இந்தச் சோதனைகள் தாமாக ஓடும். சரியென்றால் திரையில் பச்சை, தவறென்றால் சிவப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெயர் இருக்கும். முதல் சோதனையின் பெயர் 'அண்ணன்'.

அது அவளுடைய சொந்த அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அவருக்குக் கண்ணில் அழுத்தம் இருந்ததால் அதே கண் மருத்துவமனைக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தார். வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் வயது, அவர் கண் அளவுகள், 'உயிருடன் இருக்கிறாரா' என்ற இடத்தில் 'இல்லை' என்ற எழுத்து, இவற்றை வைத்துத்தான் அக்கா முதல் சோதனையை எழுதினாள். எழுத்தாக இருக்கும் அந்த 'இல்லை' கம்ப்யூட்டருக்குப் புரிகிற உண்மையான இல்லையாக மாறினால் பச்சை. தினமும் காலையில் அவள் திரையில் முதல் வரி பச்சையாக வரும். அண்ணன் இறந்துவிட்டார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். நான் ஒருமுறை, "எதுக்குக்கா இப்படி உங்களையே குத்திக்கறீங்க?" என்று கேட்டேன். "எனக்கு மறந்துடுதுடா. காலையில எந்திரிச்சதும் அவரு இருக்கார்னு நெனச்சுக்கறேன். இது வந்து இல்லேன்னு சொன்னா வேலையைப் பாக்கலாம்" என்றாள். 

இனி மின்னல். அது பட்டப்பெயர்தான். வேலையை அவ்வளவு வேகமாக முடிப்பான். அண்ணனோடு ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவன். வயது பார்க்காமல் இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அண்ணன் சொல்லித்தான் அக்கா அவனுக்கு எங்கள் நிறுவனத்தில் வேலை வாங்கிக் கொடுத்தாள். தன்னைவிட இளையவன் என்பதால் தம்பி என்பாள். அண்ணன் சாய்ந்தபோது தகவல் தெரிந்து முதலில் ஓடியவனும் அவன்தான். வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்த அண்ணியிடம் 'அவன் இல்லை' என்று சொன்னதும் அவன்தான். அதன் பிறகு வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போவான். அண்ணியும் அக்காவும் மட்டும் இருந்த வீடு. பல்பு மாற்றுவான், குழாய் பார்ப்பான், அண்ணி போடும் டீயைக் குடித்துவிட்டு அண்ணன் செய்த குறும்புகளைச் சொல்லி அவளைச் சிரிக்க வைப்பான். "அவர் போனதும் எனக்குக் கெடச்ச தம்பி" என்று அண்ணி எல்லோரிடமும் சொல்வாள். எனக்கே அவன்மேல் அப்போது மரியாதை இருந்தது. இருந்தது என்று எழுதும்போது எரிச்சலாக வருகிறது.

மருத்துவமனைக்குப் புது மென்பொருளைக் கொடுக்கும் நாள் நெருங்கியது. அண்ணி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அக்கா விடுப்புக் கேட்கத் தயங்கினாள். மின்னல்தான், "நீங்க வீட்ல இருந்து அண்ணியைப் பாருங்கக்கா. இங்க நான் இருக்கேன்ல" என்றான். என்னை முதலாளி மருத்துவமனை ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பிவிட்டார். அலுவலகத்தில் புரோகிராம் மின்னலின் கையில் இருந்தது.

மென்பொருள் மருத்துவமனையில் ஓட ஆரம்பித்திருந்தது. அக்கா வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, அவள் தன் திரையைத் திறப்பதற்கு முன்பே. வீட்டு அலமாரியில் அண்ணனின் போன் சத்தம் போட்டது. அண்ணி அந்த போனை அணைத்ததே இல்லை. தினமும் சார்ஜ் போட்டுத் துடைத்து வைப்பாள். அவர் போன பிறகு அதில் எந்தச் சத்தமும் வந்ததில்லை. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். அண்ணனின் பெயரைச் சொல்லி, உங்கள் கண் பரிசோதனைக்கான நாள் வந்துவிட்டது, நாளை காலை தவறாமல் வரவும் என்று மருத்துவமனை செய்தி அனுப்பியிருந்தது.

அண்ணி மருத்துவமனைக்கு போன் செய்தாள். அங்கே இருந்த பெண் திரையைப் பார்த்து, "ஆமாம்மா, சாருக்கு நாளைக்குத்தான். கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஒருத்தி மட்டும் இல்லை. இறந்துபோன எல்லா நோயாளிகளும் எங்கள் மென்பொருளில் உயிரோடு இருந்தார்கள். பரிசோதனைக்கு வராமல் நின்றுபோனவர்களுக்குத்தான் அந்த நினைவூட்டல் போகும். செத்தவர்களைவிட வராமல் போனவர்கள் யார் இருக்கப்போகிறார்கள்? வீடு வீடாகச் செய்தி போயிருந்தது. மருத்துவமனையின் போன் ஓயவில்லை.

முதலாளி எல்லோரையும் ஓர் அறையில் கூப்பிட்டு உட்கார வைத்தார். அண்ணி போன் செய்து அழுதிருந்ததால் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "இந்த எழுத்தை மாத்தற பகுதி யாரோடது?" என்று முதலாளி கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள், மேசையைப் பார்த்துக்கொண்டு மின்னல் சொன்னான்: "அக்காவோடது சார்."

அது பொய் இல்லை. அந்தப் பகுதி அவளுடையதுதான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொய்கூடச் சொல்லாமல் கழுத்தை அறுக்கலாம் என்று அன்று எனக்குத் தெரியாது. அக்காவும் மறுக்கவில்லை. தன் வேலையில்தான் எங்கோ ஓட்டை என்று நம்பி, "நான் பாக்கறேன் சார்" என்று மட்டும் சொன்னாள். பார்க்கவும் விடவில்லை. 'இதற்குக் காரணமானவரை வேலையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறோம்' என்று மருத்துவமனைக்குச் சொல்ல முதலாளிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டுக்குப் போய் அக்கா அண்ணியின் முன்னால் உட்கார்ந்து, "என் தப்புதான் அண்ணி. நான் எழுதினதுதான்" என்று சொல்லியிருக்கிறாள். அண்ணி கத்தவில்லை. "ஒரு நிமிஷம் நம்பிட்டேன்" என்றாளாம். "அந்தப் பொண்ணு கூட்டிட்டு வாங்கன்னு சொன்னப்ப, அவர் சட்டை எங்க இருக்குன்னு தேடினேன். பீரோவைத் தொறந்த அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இதை வேற யாராவது பண்ணியிருந்தா பொறுத்துப்பேன். நீ போய் எப்படி?" மறுநாள் ஒரு பையில் துணியையும் அண்ணனின் போனையும் எடுத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். இவ்வளவு காலம் ஒரே தட்டில் சாப்பிடுகிற மாதிரி இருந்தவர்கள்.

அக்கா போன் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரே ஒரு முறை எடுத்துச் சொன்னது இதுதான்: "தம்பி வந்திருந்தான். அக்கா மேல கோவப்படாதீங்க, தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டாங்க, மன்னிச்சிடுங்கன்னு உனக்காகக் கெஞ்சிட்டுப் போறான். அவனுக்காவது அந்த மனசு இருக்கு." இதை அக்கா என்னிடம் சொன்னபோது, அவன்மேல் அவளுக்கு நன்றிதான் இருந்தது. "பாவம், எனக்காக அலையறான்" என்றாள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. 'இல்லை'யை 'ஆம்' என்று மாற்றுகிற புரோகிராமை அக்கா எழுதியிருந்தால் அந்த முதல் சோதனை என்றைக்கோ அலறியிருக்கும். நான் அவள் எழுதியதில் ஆம்-இல்லையை மாற்றுகிற பகுதியைத் திறந்து பார்த்தேன். அங்கே அவள் எழுதியது எதுவுமே இல்லை. அவ்வளவு பெரிய பகுதியின் இடத்தில் ஒற்றை வரி இருந்தது. கம்ப்யூட்டர் மொழியிலேயே தயாராக ஒரு குறுக்கு வழி உண்டு. எழுத்தைக் கொடுத்தால் சட்டென்று ஆம்-இல்லையாக மாற்றித் தரும், எங்கும் நிற்காது. ஆனால் அது என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காது. பெட்டி காலியா என்று மட்டும் பார்க்கும். காலியாக இருந்தால் இல்லை, உள்ளே எந்தக் காகிதம் கிடந்தாலும் ஆம். 'இல்லை' என்று எழுதிய காகிதம் கிடந்தாலும் ஆம்தான். எங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் எல்லோரும் ஒரு தடவை விழுந்து எழுகிற குழி அது. மின்னல் புதியவன் இல்லை. அவசரத்தில் அவனும் விழுந்திருக்கலாம், அதுவரைக்கும் மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது சோதனைகளைத் திறந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எல்லாம் இருந்தன. 'இல்லை'யைப் பார்க்கிற ஒரே சோதனையான 'அண்ணன்' மட்டும் ஓடாதபடி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஓடாத சோதனை சிவப்பாக வராது. அதனால் திரை முழுக்கப் பச்சை.

அக்காவை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். திரையைக் காட்டினேன். அவள் அந்த ஒற்றை வரியையும் அணைந்து கிடந்த சோதனையின் பெயரையும் படித்தாள். பிறகு எழுந்து, நடையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த மின்னலிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"என்னுதை எடுத்துட்டு அந்த ஒத்தை வரியைப் போட்டது நீதானா தம்பி?"

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "நாள் நெருங்கிடுச்சுக்கா. உங்களோடது அங்கங்க நின்னுட்டே இருந்துச்சு. முதலாளி உயிரை எடுத்தாரு" என்றான்.

"அதை விடு. அதைப் போட்டதும் சிவப்பு வந்துச்சா?"

"வந்துச்சு."

"பேரைப் படிச்சியா?"

அவன் டம்ளரைக் கொட்டிவிட்டு மறுபடியும் குழாயில் பிடித்தான்.

"படிச்சியா, படிக்கலையா?"

"படிச்சேன்கா."

"உன் மாப்ள உயிரோட இருக்கான்னு மெஷின் சொல்லுது. தப்புன்னு உனக்குத் தெரியும். எங்க வீட்டு வாசல்ல நின்னு அவன் இல்லேன்னு சொன்னவனே நீதான். அதை அணைக்க உனக்கு எப்படிக் கை வந்துச்சு?"

"ஒரு டெஸ்ட்தானேன்னு நெனச்சேன்கா. அப்புறமா சரிபண்ணிக்கலாம்னு. அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"பயந்தே, சரி. அண்ணிகிட்டப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டியே, அது எதுக்கு?"

டம்ளர் நிரம்பித் தண்ணீர் வழிந்தது. அவன் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

முதலாளியிடம் சொன்னோம். அவர் தலையைச் சொறிந்தார். "சரிம்மா, நீங்க நாளையிலிருந்து வேலைக்கு வந்துடுங்க. அவனை இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது, அடுத்த ஆஸ்பத்திரி வேலை அவன் கையில இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே சொன்னதை மாத்தினா நம்ம பேருதான் கெடும்" என்று பூசி மெழுகினார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது வேலை இல்லை. அண்ணி வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அண்ணியின் தங்கை வீட்டுக்கு இருவரும் போனோம். நான் சாட்சி. மாடிப்படி ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவன் வேலைப் பளுவில் இருந்ததையும் சொன்னாள்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று. "அது இவரோடதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அண்ணன்னு பேர் போட்டிருந்தேன்."

அண்ணி உள்ளே போனாள். திரும்பி வரும்போது அண்ணனின் போன் கையில் இருந்தது. அவள் அழவில்லை, அது எனக்குப் பயமாக இருந்தது. "நாளைக்குக் காலையில இதுலேர்ந்து அவனைக் கூப்பிடறேன். அவர் நம்பர்லேர்ந்து போன் வந்தா எப்படி இருக்கும்னு அவனும் பாக்கட்டும். எடுத்துப் பேசினான்னா, என்ன சொன்னாலும் சரி, நான் இதை மறந்துடுவேன். அவரோட சின்ன வயசுக் குறும்பையெல்லாம் எனக்குச் சொல்ல அவன் ஒருத்தன்தான் மிச்சம்" என்றாள்.

மறுநாள் அக்கா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மின்னல். நான் பக்கத்தில். மின்னலின் போன் மேசைமேல் கிடந்தது. அது அதிர்ந்தபோது திரையில் 'மாப்ள' என்று பெயர் எரிந்தது. கூடவே படம். லிஃப்ட் கயிற்றுக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கையோடு நின்று சிரிக்கிற படம். அவன் அதை இன்னும் அழிக்காமல்தான் வைத்திருந்தான். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். 

"அண்ணிதான் தம்பி. எடு" என்றாள் அக்கா.

அவன் அக்காவைப் பார்த்தான், போனைப் பார்த்தான். கையை நீட்டினான். எடுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தி, போனைக் கவிழ்த்து வைத்தான். "மீட்டிங் இருக்குக்கா. அப்புறமா பேசறேன்" என்று எழுந்தான்.

வேறு நாளாக இருந்தால், அப்புறமான்னா எந்தப் பெட்டியிலடா போடறது என்று அக்கா பிடித்திருப்பாள். அன்று கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் போனுக்கு அண்ணி செய்தி அனுப்பினாள். 'அவன் போன் பக்கத்துல இல்லையோ? உனக்குத் தெரியுமா?'

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரியவில்லை என்று ஒரு சொல் தட்டினால் போதும். அண்ணிக்கு அந்தத் தம்பி மிச்சமிருப்பான். தட்டவும் தட்டினாள், நான் பார்த்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். 'பக்கத்துலதான் இருந்தான் அண்ணி. பாத்துட்டுத்தான் நிறுத்தினான்' என்று எழுதி அனுப்பினாள்.

அண்ணி அன்று சாயங்காலமே பையோடு வீடு திரும்பிவிட்டாள். அண்ணனின் போனை மட்டும் அதன் பிறகு அவள் சார்ஜில் போடவில்லை.